நாபோத்தின் ரத்தமும் யெகூவின் கூடைகளும்
எபிரேய அரசர்கள், தீர்க்கதரிசிகள், சம்பிரதிகள்: உம்ரியின் வீட்டை முன்வைத்து

1

எபிரேயத்தில் 'நபி' என்றொரு சொல் உண்டு. தமிழுக்கு அது மூன்று பாதைகளில் வந்து சேர்ந்திருக்கிறது. பழைய புரொட்டஸ்டண்ட் வேதாகமம் அதைத் 'தீர்க்கதரிசி' என்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்கிறது. தமிழ் முஸ்லிம்களோ அரபி வழியாக வந்த 'நபி'யை அப்படியே வைத்துக்கொண்டார்கள். முதல் சொல் பார்ப்பவனைக் குறிக்கிறது. இரண்டாவது, சொல்பவனை. மூன்றாவதின் வேரில், அக்காடிய மொழியில் 'அழை' என்னும் பொருள்தரும் வினை இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் அது அழைக்கப்பட்டவன். பார்த்தவன், சொன்னவன், அழைக்கப்பட்டவன் எல்லோரும் வந்துவிட்டார்கள். எழுதியவன் மட்டும் இந்த மூன்றில் ஒன்றிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நாலாவது ஆளைப் பற்றியது.

இயக்கம் சார்ந்து எழுதுகிறவர்கள் மத்தியில் தீர்க்கதரிசிக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. விடுதலை இறையியல் பேசும் நண்பர்கள் மட்டுமல்ல, கோயில் வாசலையே மிதிக்காத தோழர்களும்கூட எலியாவையும் ஆமோசையும் நம்ம ஆள் என்ற உரிமையோடுதான் பேசுவார்கள். அரசன் என்றால் நிலம் பறிப்பவன். தீர்க்கதரிசி என்றால் அரண்மனைக்கு வெளியே நின்று அவனை நோக்கி விரல் நீட்டுபவன். இந்தச் சித்திரம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பழங்காலத்து அரச இலக்கியங்களில், தன் அரசனையே கொலைகாரன், திருடன் என்று பெயர்சொல்லித் திட்டும் பிரதி இவ்வளவு விரிவாக வேறெங்கும் மிஞ்சவில்லை என்பது உண்மை. ஆனால் இது எப்படி மிஞ்சியது? யார் கையில் மிஞ்சியது? மிஞ்சுவதற்காக எதை விட்டுக்கொடுத்தது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் தீர்க்கதரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டால், அவனோடு சேர்த்து வேறு சிலதையும் தூக்கவேண்டியிருக்கும். யெகூவின் கூடைகள் அவற்றில் ஒன்று.

2

முதலில் ஓர் அரசனை எடுத்துக்கொள்வோம். உம்ரி. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கு இஸ்ரவேலை ஆண்டவன். படைத்தலைவனாக இருந்து ராணுவ பலத்தால் அரசனானவன். அவனுடைய ஆட்சிக்கு இராஜாக்கள் புத்தகம் ஒதுக்குவது ஆறு வசனம். சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து ஒரு மலையை வாங்கினான், அதில் சமாரியா என்ற பட்டணத்தைக் கட்டினான், தனக்கு முன்னிருந்தவர்களைவிடப் பொல்லாதவனாக இருந்தான், செத்தான். அவ்வளவுதான்.

பைபிளுக்கு வெளியே போனால் கதை வேறாக இருக்கிறது. 1868இல், இன்றைய ஜோர்தானில் உள்ள தீபான் என்ற ஊரில் ஒரு கருங்கல் வெளியுலகின் கண்ணில் பட்டது. மோவாப் அரசன் மேசா வெட்டிவைத்த கல். அடுத்த ஆண்டே அது துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. அதற்குமுன் எடுத்திருந்த காகித அச்சின் உதவியோடு ஒட்டவைத்து இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுங்காலம் ஒடுக்கினான், அவன் மகனும் அப்படியே செய்தான், நான் விடுவித்தேன் என்று அதில் மேசா சொல்கிறான். அசீரியர்களின் ஆவணங்களில் இஸ்ரவேல் நாட்டுக்கே 'உம்ரியின் வீடு' என்றுதான் பெயர். அவன் வம்சம் அழிந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் அப்படித்தான் எழுதினார்கள்.

அவன் மகன் ஆகாப். கி.மு. 853இல் சிரியாவின் ஒரோந்தஸ் நதிக்கரையில் கர்கர் என்ற இடத்தில் அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனாசாரை ஒரு கூட்டணி எதிர்த்து நின்றது. 1861இல் கூர்க் என்ற இடத்தில் கிடைத்த சல்மனாசாரின் கல்லில் அந்தக் கூட்டணியின் பட்டியல் இருக்கிறது. இஸ்ரவேலின் ஆகாப் கொண்டுவந்தது 2,000 தேர், 10,000 காலாட்படை. தமஸ்குவின் அரசனே 1,200 தேர்தான் கொண்டுவந்திருந்தான். இந்த 2,000 மிகை என்று பலர் சொல்கிறார்கள்; இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் ஆகாப் சின்ன ஆள் இல்லை. இந்தப் போரைப் பற்றி பைபிளில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆகாபைப் பற்றிய அத்தியாயங்களை எலியாவும் பஞ்சமும் கர்மேல் மலையும் நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. எலியாவைப் பற்றியோ அக்காலத்துக் கல்வெட்டு எதிலும் ஒரு வரியில்லை.

கட்டடங்கள் விஷயத்திலும் இதே கதை. மெகிதோ, ஆத்சோர், கேசேர் ஆகிய ஊர்களின் பெரிய வாசல்களை சாலொமோன் கட்டினான் என்றுதான் யிகேல் யாதின் முதலானோர் வெகுகாலம் சொன்னார்கள். இஸ்ரவேல் ஃபிங்கல்ஸ்டைன் என்ற தொல்லியலாளர் இந்தக் காலக்கணக்கைக் கீழே இறக்கி, இவற்றில் பலவும் உம்ரியின் வீட்டார் கட்டியவை என்றார். விவாதம் இன்னும் ஓயவில்லை. சாலொமோனின் பொன்னான காலம் ஒரு நினைவுப் புனைவாக இருக்கக்கூடும், அதன் கல்லும் சுண்ணாம்பும் வேதம் சபித்த ஒரு வீட்டிடமிருந்து கடன் வாங்கியதாக இருக்கக்கூடும் என்ற சந்தேகமே போதுமானது.

இரண்டு சாட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கல் யார் ஜெயித்தான் என்று பேசுகிறது. புத்தகம் யார் குற்றவாளி என்று பேசுகிறது. கல்லுக்குத் தெரிந்தது புத்தகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆகாப் கட்டிய தந்த மாளிகை, அவன் கட்டிய பட்டணங்கள் இவையெல்லாம் இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமத்தில் எழுதியிருக்கின்றன, வேண்டுமானால் அங்கே போய்ப் பார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த நாளாகமம் தொலைந்துபோயிற்று. அரசனின் பதிவேடு போய், அவன்மீதான குற்றப்பத்திரிகை நின்றது. வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதில்லை.

3

அந்தக் குற்றப்பத்திரிகையின் நடுப்பக்கம் நாபோத். யெஸ்ரயேல் ஊர்க்காரன். அரண்மனையை ஒட்டி அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். கீரைத்தோட்டம் போட ஆகாப் அதைக் கேட்கிறான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது காசு தருகிறேன் என்கிறான். நாபோத் மறுக்கிறான். அது முன்னோர் சொத்து, விற்பதற்கில்லை. ஆகாப் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். ராணி யேசபேல் அரசன் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். இரண்டு பொய்ச் சாட்சி. தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று தீர்ப்பு. ஊருக்கு வெளியே கல்லெறிந்து கொல்கிறார்கள்.

அதிகாரம் நிலத்தை எடுக்கும் விதத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை அபூர்வம். முதலில் நியாயமான விலை, பிறகு சட்டம், சாட்சி, தீர்ப்பு. கொலை நடக்கும்போது அரசன் அந்த இடத்திலேயே இல்லை. வேலையைச் செய்வது ஊர்ப் பெரியவர்கள். பிரதி அவர்களைத் தண்டிப்பதில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே சம்பவம் பைபிளிலேயே இன்னொரு இடத்தில் வேறு மாதிரி வருகிறது. இராஜாக்கள் இரண்டாம் புத்தகம், ஒன்பதாம் அத்தியாயம். யெகூ ஆகாபின் மகன் யோராமைக் கொன்று உடலை நாபோத்தின் நிலத்தில் வீசச் சொல்லும்போது பழைய வாக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறான். அதில் திராட்சைத் தோட்டம் இல்லை, வயல்தான் இருக்கிறது. நாபோத்தோடு அவன் பிள்ளைகளின் ரத்தமும் சேர்ந்து வருகிறது. கடிதம் இல்லை, பொய்ச்சாட்சி இல்லை, யேசபேல் இல்லை. ஆய்வாளர்கள் பலர் இந்தச் சுருக்கமான வடிவமே பழையது என்றும், யேசபேலை மையமாக்கிய விரிந்த கதை பிற்பாடு எழுதப்பட்டது என்றும் கருதுகிறார்கள். அப்படியானால் நடந்தது என்ன? ஓர் அரசன் ஒரு குடும்பத்தையே அழித்து நிலத்தை எடுத்தான். பிற்காலக் கை அந்தப் பழியை ஓர் அந்நியப் பெண்ணின் தலையில் கட்டியது. சீதோனிய அரசன் ஏத்பாகாலின் மகள், வேறு தெய்வத்தைக் கும்பிடுகிறவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள். இவ்வளவும் ஒருத்தியிடம் இருந்தால் பழிபோடுவது சுலபம்தானே?

பாகால் விவகாரமும் இப்படித்தான். யாவேயை ஒழித்துப் பாகாலை நிறுத்தியவன் ஆகாப் என்கிறது பிரதி. ஆனால் அவன் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். அகசியா, யோராம் இரண்டிலும் இருப்பது யாவேயின் பெயர். 1910இல் சமாரியாவைத் தோண்டிய ஹார்வர்டு குழுவினர் மை கொண்டு எழுதிய ஏறத்தாழ நூறு பானை ஓடுகளைக் கண்டெடுத்தார்கள். ஆகாபுக்குச் சுமார் நூறு ஆண்டு பிந்தியவை. பெரும்பாலும் இரண்டாம் யெரொபெயாம் காலத்தவை என்று கொள்ளப்படுகின்றன. அவற்றில் உள்ள ஆட்பெயர்களில் யாவே கலந்த பெயர்களும் உண்டு, பாகால் கலந்த பெயர்களும் உண்டு. ஒரே ஊர், ஒரே கணக்கு.

அந்த ஓடுகள் எதற்கான கணக்கு என்பதுதான் முக்கியம். இந்த ஆண்டில், இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். இன்னொரு ஊரிலிருந்து ஒரு ஜாடி சுத்தமான எண்ணெய். சமாரியாவைச் சுற்றியிருந்த கிராமங்களின் திராட்சையும் ஒலிவமும் தலைநகருக்கு ஏறிப்போன கணக்கு இது. அதே இடிபாடுகளில் 1930களின் அகழ்வில் நூற்றுக்கணக்கான தந்தச் செதுக்குத் துண்டுகளும் கிடைத்தன. யெரொபெயாம் காலத்தில்தான் ஆமோஸ் வருகிறான். தந்தக் கட்டிலில் படுப்பவர்களையும், கிண்ணம் கிண்ணமாகத் திராட்சரசம் குடிப்பவர்களையும், சிறந்த எண்ணெய் பூசிக்கொள்பவர்களையும் அவன் வைகிறான். ஓடும் தந்தமும் ஆமோசின் சொல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தோட்டக்காரன் பெயர் நாபோத்தோ வேறொருவனோ, ஜாடி மேலே போய்க்கொண்டிருந்தது நிஜம்.

4

இப்போது கூடைகளுக்கு வருவோம்.

எலியாவுக்குப் பின்வந்த எலிசா, தீர்க்கதரிசிக் கூட்டத்தில் ஒரு பையனை அழைத்து, தைலக் குப்பியைக் கையில் கொடுத்து, படைத்தலைவன் யெகூவிடம் அனுப்புகிறான். ரகசியமாக அபிஷேகம் பண்ணிவிட்டுக் கதவைத் திறந்து ஓடிவந்துவிடு என்று உத்தரவு. ஆகாபின் வீட்டை ஒரு ஆண் மிஞ்சாமல் அழிப்பாய் என்று யெகூவுக்குச் செய்தி. யெகூ தேர் ஏறுகிறான். யோராம் காலி. பார்க்க வந்திருந்த யூதா அரசன் அகசியாவும் காலி. யேசபேல் கண்ணுக்கு மையிட்டு, தலையைச் சிங்காரித்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள், துரோகியே என்று கேட்கிறாள், மேலிருந்து தள்ளிவிடுகிறார்கள். பிறகு ஆகாபின் எழுபது பிள்ளைகள். அவர்கள் தலைகள் கூடைகளில் யெஸ்ரயேலுக்கு வந்து சேர, வாசலில் இரண்டு குவியலாகப் போட்டுவைக்கச் சொல்கிறான். வழியில் அகசியாவின் உறவினர் 42 பேர். கடைசியாகப் பண்டிகை என்று பொய்சொல்லிப் பாகால் பக்தர்களை எல்லாம் கோயிலுக்குள் கூட்டி, வாசலை அடைத்து வெட்டுகிறான். கோயில் கக்கூசாகிறது.

இத்தனைக்கும் நியாயமாக நிறுத்தப்படுவது எது? நாபோத்தின் ரத்தம். இந்த இடத்தில்தான் நான் வாசகரை நிற்கச் சொல்கிறேன். உழைத்தவனிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு நிலத்தின் நியாயம் ஒரு ராணுவப் புரட்சியின் பட்டயமாக மாறுகிறது. யெகூ நாபோத்தின் குடும்பத்துக்கு நிலத்தைத் திருப்பிக்கொடுத்தான் என்று எங்கும் எழுதவில்லை. அந்த நிலத்துக்குப் பிரதி கண்ட ஒரே உபயோகம், அரசன் பிணத்தை வீச ஓர் இடம். பாதிக்கப்பட்டவனின் பெயர் கொலைகாரன் வாயில் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது!

வெளிச் சாட்சிகள் இதை இன்னும் குழப்புகின்றன. 1993, 1994 ஆண்டுகளில் வடக்கே தாண் என்ற தொல்மேட்டில் அவ்ரஹாம் பிரான் நடத்திய அகழ்வில் ஓர் அரமேயக் கல்வெட்டின் மூன்று துண்டுகள் கிடைத்தன. இஸ்ரவேலின் அரசனையும் தாவீதின் வீட்டானையும் நானே கொன்றேன் என்கிறான் அதை வெட்டியவன். பெயர்கள் உடைந்திருக்கின்றன, பெரும்பாலோர் அவற்றை யோராம், அகசியா என்றும், பேசுகிறவன் தமஸ்குவின் அரசன் ஆசகேல் என்றும் நிரப்பிப் படிக்கிறார்கள். ஒரே கொலைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்! யெகூ ஆசகேலுக்கு ஒத்தாசையாக இருந்தானா, ஆசகேல் பெருமைக்குச் சொல்லிக்கொண்டானா என்பது வாதத்துக்குரியது. ஆசகேல் அரசனாவான் என்று அவனிடமே முன்னறிவித்தவனும் எலிசாதான் என்று அதே இராஜாக்கள் புத்தகம் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், தீர்க்கதரிசியின் தைலக் குப்பி எல்லை தாண்டிய அரசியலிலும் புழங்கியது தெரிகிறது.

யெகூவின் கதி? கி.மு. 841இல் அவன் சல்மனாசாருக்குக் கப்பம் கட்டினான். லேயார்டு 1846இல் நிம்ரூதில் தோண்டியெடுத்த கருந்தூணில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம், ஓர் ஆள் மண்ணில் முகம் பதியக் குப்புற விழுந்து கிடக்கிறான். மேலே எழுதியிருக்கிறது: உம்ரியின் மகன் யெகூவின் கப்பம். உம்ரியின் வீட்டை வேரோடு பிடுங்கியவனை அசீரிய எழுத்தன் உம்ரியின் மகனாக்கிவிட்டான். ஆகாப் எதிர்த்து நின்ற பேரரசின் காலில், ஆகாபை ஒழிக்க வந்தவன் விழுந்தான். விசுவாசத்தைச் சுத்தப்படுத்த வந்த ஆட்சி செய்த முதல் வேலைகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கொலையை யெகூவின் கடவுளே மெச்சியதாக இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. நாலு தலைமுறைக்குச் சிம்மாசனம் பரிசு. ஆனால் அந்த நாலாவது தலைமுறையின் நாளில், எட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஓசியா என்ற தீர்க்கதரிசி எழுந்து தன் மூத்த மகனுக்கே யெஸ்ரயேல் என்று பெயர் வைக்கிறான். யெஸ்ரயேலில் சிந்திய ரத்தத்துக்காக யெகூவின் வீடு பழிவாங்கப்படும் என்பது அந்தப் பெயரின் பொருள். ஒரு தீர்க்கதரிசி ஏவிய கொலையை இன்னொரு தீர்க்கதரிசி கொலை என்றே அழைக்கிறான். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. தீர்க்கதரிசனம் என்பதை ஒற்றைக் குரலாகக் கேட்பவர்கள் இந்தச் சண்டையைக் காதில் வாங்குவதில்லை. எனக்கோ இந்தப் பிரதிகளின் உயிர் இந்தச் சண்டையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

5

அரண்மனைக்கு வெளியே நிற்பவன் தீர்க்கதரிசி என்பதும் பாதி உண்மைதான். கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டில் யூப்ரடீஸ் கரையில் இருந்த மாரி அரசின் கடிதங்களிலேயே தெய்வத்தின் பெயரால் அரசனுக்குச் செய்தி சொல்லும் ஆண்களும் பெண்களும் வருகிறார்கள். ஏழாம் நூற்றாண்டு அசீரிய அரசன் எசரத்தோனுக்கு, பயப்படாதே, நான் உன்னோடிருக்கிறேன் என்ற பாணியில் இஷ்தார் தேவியின் வாக்குகளைத் தொகுத்துப் பலகைகளில் எழுதிவைத்தார்கள். தீர்க்கதரிசி என்பவன் பழைய கிழக்குலகில் அரசாங்கத்தின் ஓர் உறுப்பு. சோறு போட்டவர்களுக்குச் சாதகமாகப் பேசுவது தொழிலின் இயல்பு.

பைபிளும் இதை மறைப்பதில்லை. ராமோத் கீலேயாத்மேல் யுத்தம் போகலாமா என்று இஸ்ரவேல் அரசன் கேட்டபோது ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போ என்கிறார்கள். அவர்கள் பாகாலின் ஆட்கள் அல்ல. யாவேயின் பெயரால்தான் பேசுகிறார்கள். மிகாயா ஒருவன் மட்டும் மறுக்கிறான். கன்னத்தில் அறை, சிறை, அளவுச் சோறு. அந்த நானூறு பேருக்கும் வாயில் பொய்யின் ஆவியை வைத்தவர் யாவேயே என்று மிகாயா சொல்வது இன்னும் கலங்கடிக்கிறது. உண்மைத் தீர்க்கதரிசிக்கும் பொய்த் தீர்க்கதரிசிக்கும் மொழியில் வித்தியாசம் இல்லை. நிகழ்வு முடிந்த பிறகுதான், அதாவது எழுதும்போதுதான், அது தெரியவருகிறது.

பெத்தேல் ஆசாரியன் அமத்சியா ஆமோசை விரட்டும்போது என்ன சொல்கிறான்? யூதாவுக்கு ஓடிப்போ, அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள். இது ராஜாவின் கோயில். அதற்கு ஆமோசின் பதில், நான் தீர்க்கதரிசியுமில்லை, தீர்க்கதரிசியின் மகனுமில்லை. மந்தை மேய்ப்பவன், காட்டத்திப் பழத்தோடு பாடுபடுகிறவன். நம்மவர்கள் அவனுக்குச் சூட்டுகிற பட்டத்தை அவனே வேண்டாமென்று தள்ளினான். அந்தப் பட்டம் அவன் காலத்தில் ஒரு சம்பளம்.

6

எழுதியவனிடம் வருகிறோம். பழைய தமிழ் வேதாகமத்தில் அவனுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது: சம்பிரதி. நமது பழைய கணக்கு உத்தியோகத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் எடுத்துப்போட்ட சொல். அரண்மனைக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்ப்பவன்.

கி.மு. 622 வாக்கில் யோசியா அரசனின் சம்பிரதி சாப்பான், எருசலேம் ஆலயத்தில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நியாயப்பிரமாணச் சுருளைக் கொண்டுபோய் அரசனுக்கு வாசித்துக் காட்டினான். அது உபாகமத்தின் ஒரு வடிவம் என்பது பரவலான கருத்து. அதை வைத்து யோசியா ஊர்ப்புறக் கோயில்களை இடித்து வழிபாட்டை எருசலேமில் குவித்தான். யோசுவாவிலிருந்து இராஜாக்கள் வரையுள்ள நீண்ட வரலாறு இந்த உபாகமக் கண்ணாடி வழியாகத் தொகுக்கப்பட்டது என்று 1943இல் மார்ட்டின் நோத் வாதிட்டார். யோசியா காலத்தில் ஒரு பதிப்பு, எருசலேம் அழிந்த பின் இன்னொரு பதிப்பு என்று 1973இல் ஃபிராங்க் கிராஸ் திருத்தினார். விவரங்களில் சண்டை உண்டு. தெற்கு யூதாவின் சம்பிரதிகள், தலைநகர் சார்ந்தவர்கள், வடக்கு அழிந்துபோன பின் எழுதினார்கள் என்பதில் பெரிய சண்டை இல்லை. உம்ரிக்கு ஏன் ஆறு வசனம் என்பது இப்போது புரிகிறது. இவர்களுடைய தராசில் எருசலேமுக்கு வெளியே பலியிட்டவன் எவனும் தேறமாட்டான். வடக்கின் அரசர்களில் ஒருவன்கூடத் தேறவில்லை.

தெற்கிலும் இந்தத் தராசு விசித்திரமாகத்தான் நிறுத்தது. எசேக்கியா உத்தமன். அவன் அசீரியாவை எதிர்த்ததால் கி.மு. 701இல் சனகெரிப் 46 அரணுள்ள பட்டணங்களைப் பிடித்ததாகத் தன் பட்டயத்தில் எழுதிவைத்தான். மகன் மனாசே மகாபாவி. அடங்கிப்போய் 55 ஆண்டு ஆண்டான்; அவன் காலத்தில் நாட்டுப்புறம் மெல்ல மீண்டதாகத் தொல்லியல் காட்டுகிறது. பிடிபட்ட அந்த 46 ஊர்களில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால் யார் நல்ல ராஜா என்று சொல்லியிருப்பார்கள்? அவர்களிடம் சம்பிரதி இல்லை.

இதே சாப்பானின் குடும்பம்தான் எரேமியாவைக் காப்பாற்றியது. எரேமியா புத்தகம் 26, 36 அத்தியாயங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். யோயாக்கீம் ஆட்சி. ஆலயம் அழியும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லப் பார்க்கிறார்கள், சாப்பானின் மகன் அகீக்காம் குறுக்கே நிற்கிறான், தப்புகிறான். அதே இடத்தில் இன்னொரு ஆள் நாலே வசனத்தில் வந்துபோகிறான். கீரியாத்யாரீம் ஊரைச் சேர்ந்த உரியா. எரேமியா சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னான். எகிப்துக்கு ஓடினான். எல்நாத்தான் என்ற பிரபுவை அனுப்பிப் பிடித்துவந்தார்கள். வெட்டிப் பொதுஜனச் சுடுகாட்டில், மன்னிக்கவும், இடுகாட்டில் எறிந்தார்கள். உரியா என்ன சொன்னான் என்பதில் ஒரு வாக்கியமும் மிஞ்சவில்லை.

36ஆம் அத்தியாயத்தில் எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதுகிறான். எழுதியதை வாசிக்கும் இடம் சாப்பானின் இன்னொரு மகன் கெமரியாவின் அறை. பிரபுக்கள் கேட்டுப் பயந்து, நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். குளிர்கால அரண்மனை, கணப்பு எரிகிறது. சுருளை மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, அரசன் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவன் கெமரியா. இன்னொருவன், உரியாவைப் பிடித்துவந்த அதே எல்நாத்தான். ஆளைக் கொல்லக் கொண்டுவந்த கை, சுருளை எரிக்காதே என்று நீள்கிறது. முரண் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. எழுத்தை மதிக்கும் அதிகாரவர்க்கம் எப்போதும் இப்படித்தான் இருக்கிறது.

பாருக்கு மறுபடி எழுதினான். இன்னும் பல வார்த்தைகள் சேர்த்து எழுதப்பட்டன என்று பிரதியே ஒப்புக்கொள்கிறது. 1982இல் எருசலேமின் தாவீது நகர அகழ்வில், நகரம் எரிந்த தீயில் வெந்து இறுகிய களிமண் முத்திரைகள் ஒரு வீட்டில் கிடைத்தன. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர். நெருப்பு சுருளைத் தின்றது, முத்திரையைச் சுட்டுப் பத்திரப்படுத்தியது. காகிதம் போனது, அதிகாரியின் கையொப்பம் நின்றது.

7

அந்தக் காலத்திலிருந்தே இன்னொரு எழுத்து மிஞ்சியிருக்கிறது. 1960இல் மத்தியதரைக் கடலோரத்தில் யாவ்னே அருகே ஒரு சிறு கோட்டையில் யோசேப் நாவே கண்டெடுத்த பானை ஓடு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அறுவடைக் கூலி ஒருவன் கோட்டைத் தலைவனுக்குக் கொடுத்த மனு. தனக்கு விட்ட பங்கை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகும் கங்காணி ஒருவன் என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான். என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். ஆடையைத் திருப்பித்தரச் சொல்லுங்கள். இதுதான் விஷயம். மனுக் கொடுத்தவனின் பெயர் ஓட்டில் இல்லை. ஆடையைப் பிடுங்கியவனின் பெயர் இருக்கிறது.

அடகு வாங்கிய ஆடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக்கொடு என்பது யாத்திராகமச் சட்டம். அடகு ஆடைமேல் படுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆமோஸ் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. இந்தக் கூலிக்காரன் சட்டத்தையும் சொல்லவில்லை, யாவேயின் பெயரையும் இழுக்கவில்லை. அவனுக்கு எழுதத் தெரிந்திருக்காது. கோட்டையில் யாரோ ஒரு எழுத்தன் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பேச்சு மூச்சுவாங்குகிறது. எழுத்தன் அதைச் செப்பனிடவில்லை. பாருக்கைப்போல் பல வார்த்தைகள் சேர்க்கவும் இல்லை.

ஆடை திரும்பக் கிடைத்ததா? ஓடு அதைச் சொல்லாது.

எலியா வேண்டாம், ஆமோஸ் போதும் என்று ஒரு புதிய பட்டியல் போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. பிறர் துயரத்தை எழுதுகிற வேலையில் இருப்பவர்கள் நாம். தீர்க்கதரிசியின் ஆசனம் நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாம் உண்மையில் உட்கார்ந்திருப்பது சம்பிரதியின் இடத்தில். நாபோத்தின் ரத்தத்தை எழுதும்போது அது யாருடைய தைலக் குப்பிக்கு நியாயம் ஆகப்போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உரியாவுக்கு ஏன் ஒரு அகீக்காம் இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. பறித்தவன் பெயரையும் சாட்சி சொல்லத் தயாராயிருந்த கூட்டாளிகளையும் விட்டுவிடாமல் எழுதிய அந்தக் கோட்டை எழுத்தன், மனுக் கொடுத்தவனின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டான். அந்த ஓட்டில் விடுபட்டது அது ஒன்றுதான்.